டீமன் சார் திருப்பி அனுப்பிய வீடு

எங்கள் வெங்கக்கல்பாளையத்துக்கும் மாவட்டத் தலைநகருக்கும் நடுவே முப்பத்திரண்டு கிலோமீட்டர் தார்ச்சாலையும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் இருந்தன. சாலை வழியாகப் போனவை எல்லாம் போய்ச் சேர்ந்தன, மின்னஞ்சல் வழியாகப் போனவை எல்லாம் திரும்பி வந்தன, அப்படித் திரும்பி வந்தவற்றில் முதலாவது சரசாள் வீட்டுச் சுவரின் விரிசல்.

சரசாள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். வயது நாற்பத்து மூன்று. லாரி ஓட்டப் போன புருஷன் பத்து வருஷத்துக்கு முன்னால் லாரியை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு வடக்கே எங்கேயோ நின்றுகொண்டபோது, அவள் அழுதது ஒரு நாள், கல் சுமந்தது இரண்டு வருஷம். கரடு என்று நாங்கள் சொல்கிற கல்குன்றின் சரிவில் தனக்கிருந்த மூன்று சென்ட் இடத்தில் இரண்டு அறையும் ஓட்டுக் கூரையுமாக ஒரு வீட்டைத் தானே எழுப்பி, கதவு எண் வாங்கி, கரண்ட் வாங்கி, வாசலில் மூன்று படியும் வைத்தாள். அந்தக் கரட்டின் மறுபக்கத்தைத்தான் குவாரிக்காரர்கள் தின்றுகொண்டிருந்தார்கள். தினமும் பதினொன்று இருபதுக்கு வெடி வைப்பார்கள், ஊரில் எல்லாப் பாத்திரமும் ஒருமுறை பேசி அடங்கும், நாங்களும் பழகிக்கொண்டோம்.

பிறகு இந்தப் பக்கமும் தோண்ட விண்ணப்பம் போட்டார்கள். அதில் குழியைச் சுற்றி முந்நூறு மீட்டருக்குள் குடியிருப்பு எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. புதுக் குழியின் எல்லைக்கல்லிலிருந்து சரசாளின் முதல் படிக்கு நாங்கள் நடந்து பார்த்தோம், நூற்று நாற்பது தப்படி. காகிதத்தில் இல்லாத வீட்டைத் தரையில் விட்டு வைக்க மாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆட்சேபம் உள்ளவர்கள் பதினைந்து நாளைக்குள், தகுந்த ஆதாரங்களை இணைத்து, மின்னஞ்சல் வழியாக மட்டுமே தெரிவிக்க வேண்டும், நேரில் எதுவும் பெறப்படாது என்று பஞ்சாயத்துப் பலகையில் ஒரு அறிவிப்பை ஒட்டினார்கள், ஒட்டும்போதே பசை காய்ந்திருந்ததால் அது ஒரு பக்கமாகத் தொங்கியது.

சரசாள் நேராகச் சென்னியப்பனின் கடைக்குப் போனாள். சென்னியப்பன் ஜெராக்ஸ் எடுப்பார், ஆதார் திருத்துவார், பத்தாம் வகுப்பு மார்க்கு எட்டிப் பார்ப்பார். ஊரில் கம்ப்யூட்டர் என்றால் அவர்தான். அவளுடைய செல்போனிலிருந்து விரிசல் படத்தை எடுத்து, "ஐயா, என் வீடு இருக்கிறது, வெடியில் விரிகிறது" என்று அவள் சொன்னதை அப்படியே அடித்து அனுப்பினார். அனுப்பிய விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. இங்கிலீஷில் வந்ததை அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டே தமிழாக்கிப் படித்தார்: "உங்கள் செய்தி வழங்கப்படவில்லை. 552 5.3.4. இணைப்பின் அளவு நிலையான வரம்பை மீறுகிறது. இது நிரந்தரப் பிழை. நான் கைவிட்டுவிட்டேன். மன்னிக்கவும்." அனுப்பியவர் பெயர் என்ற இடத்தில் மெய்லர் டீமன் என்று இருந்தது.

அப்போது ஸ்கேனர் மூடிக்கு அடியிலிருந்து ஏதோ தொங்கியது. சென்னியப்பன் பல்லிவால் என்று நினைத்து இழுத்தார், இழுக்க இழுக்க வந்தது, ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பாக, ஓரத்தில் சுண்ணாம்பு உதிர, சரசாள் வீட்டு விரிசல். அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, நடுவில் கவடு பிரியும் இடத்தைத் தடவி, தன்னுடையதுதான் என்றாள்.

"ஏனுங்ணா, அளவு மீறிப்போச்சுன்னு எழுதியிருக்குது. ஒரு மொழம் வெரிசல்தானுங் இது. இதுக்குங் கம்மியா வெரியச் சொல்லி நான் சொவுத்துகிட்டயா சொல்ல முடியும்?"

"அவிய சொல்றது நாம அனுப்புற அளவு இல்ல அம்மிணி," என்றார் சென்னியப்பன். "அவிய வாங்கிக்கிற அளவு."

விரிசலைப் பழைய தினசரியில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் சுவரில் இருந்த விரிசல் சுவரிலேயே இருந்தது. ஆக, அவளிடம் இப்போது இரண்டு இருந்தன.

மறுநாளிலிருந்து ஊரே ஆட்சேபம் அனுப்பியது, ஊருக்கே திரும்பி வந்தது. மேட்டுத்தெருக்காரர்கள் வெண்டைக்காய்ச் செடிமேல் படிந்த கல்தூசியைப் படம் பிடித்து அனுப்பினார்கள். 'இந்த வகைக் கோப்பு அனுமதிக்கப்படவில்லை' என்று வந்தது, கூடவே பிரிண்டரின் வாயிலிருந்து இரண்டு மூட்டைத் தூசியும் வந்தது. பிறகு பெயரை மாற்றி, வகையை மாற்றி அதே தூசியை அனுப்பினால் 'இணைப்பு காலியாக உள்ளது' என்று வந்தது, மூன்று மூட்டை. இன்னும் ஒருமுறை அனுப்பினால் 'ஆபத்தான உள்ளடக்கம் கண்டறியப்பட்டது' என்று வந்தது. இதைக் கேட்டு சரசாள் சந்தோஷப்பட்டாள். பத்து வருஷமாக எங்கள் நெஞ்சில் இறங்குகிற தூசியை ஆபத்து என்று வாய்விட்டுச் சொன்ன முதல் அதிகாரி அவர்தான், டீமன் சாரிடம் நியாயம் இருக்கிறது என்றாள்.

டீமன் சார் என்றுதான் நாங்கள் சொன்னோம். எத்தனை மணிக்கு அனுப்பினாலும் அந்த நொடியே பதில் போடுகிற, ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்க்கிற, மறுத்துவிட்டு மன்னிப்பும் கேட்கிற ஓர் அதிகாரியை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. பெயரை வைத்து கேரளாப் பக்கத்து வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர் என்றார் ஒருவர். ஒரே ஆள் இத்தனை வேலை செய்வதானால் வீட்டில் சண்டையாகத்தான் இருக்கும் என்று பெண்கள் முடிவு கட்டினார்கள். நேரில் போய் நாலு நல்ல வார்த்தை சொன்னால் இறங்கி வருவார் என்றும் பேசிக்கொண்டோம். பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் மட்டும் அவருடைய கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்துவிட்டு, எழுவாய் பயனிலை எல்லாம் சரியாக இருக்கிறது, சொல்ல வந்ததுதான் ஒன்றும் இல்லை என்றார்.

திரும்பி வந்தவற்றை என்ன செய்வது என்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. சென்னியப்பன் 'திரும்பி வரும் சாமான்களுக்குக் கடை பொறுப்பல்ல, அன்றே எடுத்துச் செல்லவும்' என்று அட்டை எழுதி மாட்டினார். தூசியைச் சிலர் பாத்திரம் துலக்க எடுத்துப் போனார்கள். விரிசல்களைச் சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது, சுவருக்குத் தொற்றும் என்று தெரிய இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் வேலாத்தாள் என்பவள் நல்ல உரமான விரிசல் ஒன்றை ஆட்டுக்குக் கயிறாகக் கட்டிப்போட, முளைக்குச்சி பிளந்து ஆடு அடுத்தவர் சோளத்தை மேய்ந்து, பெரிய பேச்சுவார்த்தையாகிப் போனது. விரிசலைக் கொடியில் போட வேண்டும், வெயிலில் காய்ந்தால் பேசாமல் இருக்கும் என்ற முறை அதற்குப் பிறகுதான் வந்தது. எந்த வாசலைப் பார்த்தாலும் துணிக்கு நடுவே இரண்டு விரிசல் காய்ந்தது.

வெடிச்சத்தம்தான் பாடு படுத்தியது. பதினொன்று இருபது சத்தத்தை செல்போனில் பதிவு செய்து அனுப்பினோம். 'கொள்கைக் காரணங்களால் நிராகரிக்கப்பட்டது, 554' என்ற வரியோடு அந்தச் சத்தம் சென்னியப்பன் கடைக்குள் குதித்து, லேமினேஷன் மெஷினைக் கவிழ்த்து, பிரிந்து கிடந்த காகிதத்தை எல்லாம் கூரைக்கு ஏற்றி, வெளியே போக வழி தெரியாமல் மூலைக்கு மூலை முட்டியது. சரசாள்தான் அதைப் பிடித்தாள். சோறு வடிக்கிற பெரிய பித்தளைக் குண்டாவைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் தாம்பாளத்தைச் செருகி நிமிர்த்தி, ஈரத்துணியால் வாயைக் கட்டி, மாட்டுக் கொட்டகைக்கும் பிரசவ வீட்டுக்கும் தள்ளி வைக்கச் சொன்னாள். கட்டின பிறகும் குண்டா உள்ளுக்குள் உறுமிக்கொண்டேதான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள், எதையும் இணைக்காமல் வெறும் கடிதம் ஒன்றை அனுப்பிப் பார்த்தோம். 'தேவையான இணைப்புகள் இல்லை' என்று வந்தது. பதின்மூன்றாம் நாள் 'அத்தகைய பெறுநர் இங்கு இல்லை' என்று வந்தது. எங்களுக்குக் கோபம் வர இத்தனை நாள் ஆனதற்கு எங்கள் பக்கத்து மரியாதைதான் காரணம். ஆனால் வந்த பிறகு அது ஒழுங்காகவே வந்தது. பெருசு என்றால் குறைத்தோம், காலி என்றால் நிரப்பினோம், வகை தப்பு என்றால் வகையை மாற்றினோம், கடைசியில் வாங்குகிறவனே இல்லை என்றால் இத்தனை நாள் எங்களை ஏறி இறங்க வைத்தது யார் என்று ஊர் கேட்டது.

சரசாள் சத்தம் போடவில்லை. பதினான்காம் நாள் வேலை முடிந்து, கையில் பருப்பு மஞ்சள் போகாமலே கடைக்கு வந்தாள்.

"என்ர வீட்டையே அனுப்புங்ணா."

"வீட்டு மேல இருக்கற ஒண்ணு ரெண்டுக்கே இந்தக் கூத்து, அம்மிணி. வீடே திரும்பி வந்துட்டா கடை தாங்குமா?"

"திரும்பி வரட்டும்னுதானுங் அனுப்பச் சொல்றன். போய்ச் சேர்ற ஆசையெல்லாம் எனக்கு நேத்தோட போச்சு."

சென்னியப்பன் வீட்டின் படத்தை வாங்கி, அளவைக் குறைத்து, ஏழு துண்டாகப் பிரித்து, ஏழு மெயிலாக அனுப்பினார். ஏழுக்கும் ஏழுவிதமான காரணம் வந்தது, நாங்கள் ஒன்றையும் படிக்கவில்லை. வீடுதான் வந்தது, சுருங்கி, துண்டு துண்டாக, ஒவ்வொன்றும் ஒரு தாம்பாளத்தில் அடங்குகிற அளவில்: தாழ்ப்பாளோடு கதவு, மூன்று படிகள், கங்கு அணையாத அடுப்பு, ஜன்னல், ஓட்டுக் கூரை, விரிந்த மேற்குச் சுவர், ஏழாவதாகக் கதவு எண் எழுதிய பலகையோடு கரண்ட் மீட்டர். மீட்டருக்குள் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. தாம்பாளத்தில் அடங்கும் என்று கண்ணால் பார்த்த அந்த இடத்தில்தான் அவளுக்கு யோசனை வந்திருக்க வேண்டும். எங்களைப் பார்த்து, நாளைக்கு எல்லோரும் பட்டுச்சேலை கட்டிக்கொள்ளுங்கள் என்றாள்.

எங்கள் பக்கத்தில் சீர் கொண்டு போகிற முறை ஒன்று உண்டு. தட்டுகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். துணி போட்டு மூடியிருக்க வேண்டும். கொண்டு போகிறவர்கள் தட்டைத் தரையில் வைக்கக் கூடாது. வாசலுக்குச் சீர் வந்துவிட்டால் உள்ளே இருக்கிறவர்கள் எந்த வேலையில் இருந்தாலும் எழுந்து வந்து இரண்டு கையாலும் வாங்க வேண்டும். சீர்க்காரர்களைப் படியில் நிற்க வைப்பதும், வாங்குமுன் உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்பதும், ஏழு தலைமுறைக்குப் பேசப்படும். பகையாளி வீட்டுச் சீரையும் முதலில் வாங்கிவிட்டுத்தான் சண்டை போடுவோம்.

பதினைந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, நல்ல முகூர்த்தம். வீடு ஏழு தட்டு, அந்த முதல் விரிசல் ஒரு தட்டு, தூசி ஒரு தட்டு, குண்டாவோடு வெடிச்சத்தம் ஒரு தட்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் தேங்காய் பழம் வெற்றிலை ஒரு தட்டு, ஆகப் பதினொன்று. இரண்டு நாயனம், ஒரு தவில். மூன்றரை மணிக்கு மாவட்டத் தலைநகரில் இறங்கி, கடைவீதி வழியாக, ஜனங்கள் வழிவிட, குவாரிக்கு உரிமம் கொடுக்கிற அந்த அலுவலகத்துக்கு மேளத்தோடு போனோம்.

நேரில் எதுவும் பெறப்படாது என்று கேட்டிலும் ஒட்டியிருந்தார்கள். ஆனால் காவலாளி காகிதத்தைப் பார்க்கவில்லை, மேளத்தைத்தான் பார்த்தார். உள்ளே யாருக்கோ விசேஷம், நமக்குச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு இரண்டு கதவையும் விரியத் திறந்து, "சீர் வந்திருக்குதுங்" என்று குரல் கொடுத்தார். அவ்வளவுதான். மேசைக்கு மேசை நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. கோப்பில் இருந்தவர்கள், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், மதியத்திலிருந்து யாருக்கும் தலை நிமிராதவர்கள் எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வாங்க வாங்க என்று, ஆளுக்கொரு தட்டாக இரண்டு கையாலும் வாங்கினார்கள். அவர்களும் இந்த மண்ணில் பிறந்தவர்கள்தானே. யாரோ குங்குமச்சிமிழ் தேடி ஓடினார்கள். மாடியிலிருந்து இறங்கி வந்த அதிகாரி, கண்ணாடி போட்ட ஐம்பது வயது அம்மாள், பெயர் மரகதவல்லி, என்ன ஏது என்று கேட்காமலே தேங்காய்த் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகுதான், யாருக்கு விசேஷம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

"டீமன் சாரைப் பாக்கோணுங்," என்றாள் சரசாள்.

அப்படி யாரும் இங்கே வேலை பார்க்கவில்லை என்றார்கள். எங்கள் கடிதங்களை எல்லாம் திருப்பினவர் என்றோம். அது ஆள் இல்லை, கம்ப்யூட்டர் தானாகப் போடுகிற பதில் என்று ஓர் இளைய குமாஸ்தா விளக்கினார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பதினைந்து நாளாக வீட்டுச் சண்டை வரைக்கும் நாங்கள் கவலைப்பட்ட ஒரு மனிதர், மனிதரே இல்லை.

"நல்லா இருக்குதுங் கதை," என்றாள் சரசாள். "ஆளே இல்லாத ஆபீசரு, வீடே இல்லைன்னு சொன்ன காயிதத்துக்குக் காவல் இருந்திருக்காரு."

துணியை விலக்கினாள். தட்டு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். அடுப்பு வைத்திருந்தவர் சூடு தாங்காமல் கை மாற்றினார், ஆனாலும் கீழே வைக்கவில்லை. மரகதவல்லி அம்மாள் அறிவிப்பையும் விண்ணப்பத்தையும் வரவழைத்துப் படித்தார், தட்டுகளைப் பார்த்தார், மறுபடி படித்தார். கெட்டவர் இல்லை. ஆனால் மேலே யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவர்.

"இதையெல்லாம் நேர்ல வாங்கறதுக்கு எனக்கு விதியில்லம்மா. தயவுசெஞ்சு திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க."

"சீரைக் கொண்டாந்தவ கையில திருப்பிக் குடுக்கற வழக்கம் உங்க பக்கம் இருக்குதுங்களாம்மா?"

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேண்டாம்னா, வாங்குனவியதான் கொண்டாந்து எங்க வாசல்ல வெக்கோணும். அதுதானுங் மொறை. நான் வேண்டாம்னு சொல்லலீங். தாராளமா அனுப்புங்."

அப்படியானால் அலுவலக ஜீப்பில் அனுப்பிவிடலாம் என்று மரகதவல்லி அம்மாள் சொன்னார், சொன்ன குரலில் விடுதலை இருந்தது. ஓர் அலுவலகத்திலிருந்து எது வெளியே போனாலும் அனுப்புகைப் பதிவேட்டில் ஏறாமல் போகாது. இளைய குமாஸ்தா பதிவேட்டைத் திறந்து, பொருள் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'வீடு ஒன்று, ஏழு தட்டுகளில்' என்று எழுதினார். அனுப்ப வேண்டிய முகவரி என்ற இடத்துக்கு வந்ததும், யாரையும் கேட்காமல், எதிரே தட்டில் சுற்றிக்கொண்டிருந்த மீட்டரின் பலகையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "கதவு எண் 4/117, கரட்டுமேடு, வெங்கக்கல்பாளையம்." எழுதி, தேதி போட்டு, அலுவலக முத்திரையையும் குத்தினார். குத்திய பிறகுதான் அவர் கை நின்றது.

மரகதவல்லி அம்மாள் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் படித்தார். திருப்பி அனுப்பினால், அந்த இடத்தில் ஒரு வாசல் இருக்கிறது என்று தன் அலுவலகமே ஒத்துக்கொண்டதாகும். அனுப்பாமல் வைத்துக்கொண்டால், ஆட்சேபத்தை ஆதாரத்தோடு வாங்கிக்கொண்டதாகும். மூன்றாவதாக ஒரு வழி கம்ப்யூட்டருக்கு வேண்டுமானால் இருக்கலாம், இரண்டு கையால் தட்டு வாங்கிய மனுஷிக்கு இல்லை. குண்டாவுக்குள் வெடி ஒருமுறை புரண்டு படுத்தது, அலமாரிக் கண்ணாடிகள் நடுங்கின. மணி நாலு ஐம்பது.

"ஜீப் வேண்டாம்," என்றார். குமாஸ்தாவிடம் பெறுகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, தன் கையாலேயே எழுதினார். ஆட்சேபம், பதினொரு இணைப்புகளுடன், நேரில் பெறப்பட்டது. விண்ணப்பத்தில் கண்ட குடியிருப்பு விவரம் தவறு, இரண்டாம் குழி நிறுத்தி வைக்கப்படுகிறது. கையெழுத்துப் போட்டு ஒரு நகலை சரசாளிடம் நீட்டினார். சரசாள் அதை வாங்கவில்லை. கீழே முத்திரை இல்லை என்று காட்டி, குத்திக் கொடுத்த பிறகுதான் வாங்கினாள். எங்களில் நாலைந்து பேர் அழுதோம், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. மேளக்காரர்கள் கேட்காமலே வாசிக்க ஆரம்பித்தார்கள்.

தட்டுகளை எங்கே இறக்குவது என்று ஊழியர்கள் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். அடுப்புத் தட்டுக்காரர், அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாதவர், சரசாள் வெறுங்கையோடு படியிறங்குவதைப் பார்த்துவிட்டு, நிஜமான கவலையோடு கேட்டார்.

"ஏம்மா, வீட்டை எங்ககிட்ட குடுத்துட்டு, நீங்க இப்ப எங்க போவீங்க?"

"வீட்டுக்குத்தானுங்," என்றாள் சரசாள், அந்த அலுவலகத்தின் எல்லா மேசைக்கும் கேட்கும்படியாக, ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க நடந்துகொண்டே.